கழுத்து சோர்ந்தால் பித்தம் தேங்கும்!

கல்யாண வீட்டுச் சாப்பாடு. வடை, பாயசம், நெய் வழியும் மைசூர்பாகு என்று ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து படுக்கிறீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வலி. முதுகுக்குப் போகிறது, வலது தோள்பட்டைக்கும் ஏறுகிறது. "வாயுதான், ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்" என்கிறார்கள் வீட்டில். குடிக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் வலி விட்டுவிடுகிறது. அதோடு மறந்தும் விடுகிறீர்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இரண்டு வருஷமாகவே உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. சாப்பாட்டைக் குறைத்தாலும் எடை குறையவில்லை. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அசதி. ஃபேன் காற்றுகூட குளிருகிறது. "நாற்பதைத் தாண்டிட்டா எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அதையும் ஒதுக்கி வைத்துவிடுகிறீர்கள்.

இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். தைராய்டு இருப்பது கழுத்தில். பித்தப்பை இருப்பது கல்லீரலுக்கு அடியில். ஆனால் மேலே இருப்பது சோம்பினால் கீழே இருப்பதும் சோம்பும். சோம்பிய இடத்தில்தான் கல் சேரும்.

பித்தப்பை என்கிற சின்ன பை

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர்வரைகூட பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பைக்கு வந்து சேருகிறது. இந்தப் பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிதான். அதனால், வந்த பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டு, ரசத்தைச் சுண்டவைப்பது மாதிரி கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. நீங்கள் எண்ணெய், நெய் சேர்ந்த உணவைச் சாப்பிட்டதும் பை சுருங்கி, சேர்த்து வைத்ததைக் குடலுக்குள் பீய்ச்சுகிறது. கொழுப்பு செரிக்க அது வேண்டும்.

பித்தக்குழாய் குடலில் திறக்கிற இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. சுருக்குப் பையின் கயிறு மாதிரி, வேண்டாதபோது இறுகி, வேண்டும்போது இளகும். ருஜியேரோ ஒட்டி என்ற இத்தாலியர், மாணவராக இருந்தபோதே 1887-ல் இதை விவரித்தார். 'ஒட்டித் தசை' என்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நம் கதையில் இதற்கு முக்கியமான இடம் உண்டு. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தநீரில் கொலஸ்ட்ராலும் உண்டு. அதைக் கரைத்து வைப்பவை பித்த உப்புகள். கொலஸ்ட்ரால் கூடினாலோ, பித்த உப்பு குறைந்தாலோ, பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்கினாலோ, அடியில் முதலில் சேறு போலப் படியும். அதுவே நாளடைவில் உருண்டு, இறுகிக் கல்லாகும். சர்க்கரைப் பாகு முற்றிப் போய் பாத்திரத்தில் பூத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அப்படித்தான்.

தைராய்டு எப்படிக் குறுக்கே வருகிறது?

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது சுரக்கும் தைராக்ஸின், உடம்பின் ஒவ்வொரு செல்லும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லுகிறது. அது குறைந்தால் அடுப்பை 'சிம்'மில் வைத்த மாதிரிதான். எல்லாமே மெதுவாகும். பித்தத்தை அது மூன்று வழிகளில் பாதிக்கிறது.

ஒன்று: ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலைக் கல்லீரல் வாங்கிக்கொள்வது குறைகிறது. அதனால்தான் தைராய்டு குறைந்தவர்களுக்கு, எண்ணெயைத் தொடாவிட்டாலும் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறி நிற்கிறது.

இரண்டு: கொலஸ்ட்ராலைப் பித்த உப்பாக மாற்றும் வேலை மந்தமாகிறது. கரைய வேண்டிய பொருள் கூடுகிறது, கரைக்க வேண்டிய பொருள் குறைகிறது.

மூன்று: முன்பு சொன்னேனே ஒட்டித் தசை, அது இளகுவதற்குத் தைராக்ஸின் உதவுகிறது. ஃபின்லாந்து நாட்டின் தாம்பரே நகரத்து ஆய்வாளர்கள் இதைச் சோதனைச்சாலையில் காட்டினார்கள். தைராக்ஸின் குறைந்தால் அந்தக் கதவு சுலபமாகத் திறக்காது. பித்தநீர் குழாயிலேயே தேங்கும்.

எங்கள் சித்த மருத்துவப் பார்வையில் பித்தம் என்பது கல்லீரலில் ஊறும் நீர் மட்டுமல்ல; உடம்பின் அனல், செரிக்கிற சக்தி எல்லாமே அதில் அடங்கும். அனல் தாழ்ந்து, ஐயம் ஓங்கி, உடம்பு குளிர்ந்து கனக்கிற நிலை என்று நாங்கள் சொல்வதோடு இந்தப் படம் நன்றாகவே பொருந்திப் போகிறது. இதைச் சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிவைத்தால் மட்டும் அது வைத்தியம் ஆகாது.

ஆதாரம் என்ன?

அதே ஃபின்லாந்து குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பித்தக்குழாயில் கல் வந்தவர்களிடம், அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த லேசான தைராய்டு குறைவு, கல் இல்லாதவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. ஜெர்மனியின் பொமரேனியா பகுதியில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், டி.எஸ்.ஹெச். கூடியிருந்த ஆண்களுக்குப் பித்தக்கல் அதிகம் இருந்தது. பெண்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

அதற்காக, தைராய்டு குறைந்தவர்களுக்கெல்லாம் கல் வரும் என்று பயப்பட வேண்டாம். கல் வந்தவர்களுக்கெல்லாம் தைராய்டும் கெட்டிருக்காது. பரம்பரை, பெண்ணாக இருப்பது, நாற்பது வயது தாண்டுவது, பல பிரசவங்கள், உடல் பருமன், சர்க்கரை நோய் இப்படிக் கல்லுக்குக் காரணங்கள் பல. நம் தென்னிந்தியாவில் கொலஸ்ட்ரால் கல்லைவிட, பித்தத்தின் நிறப்பொருள் சேர்ந்து உண்டாகும் கறுப்பு, பழுப்புக் கற்கள் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றின் காரணங்கள் வேறு. ஆகவே தைராய்டு பல காரணங்களில் ஒன்று. ஆனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற, சரிசெய்துவிடக்கூடிய காரணம். இந்தியாவின் 8 நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அதைத் தேடிப் பார்க்க இதைவிட என்ன காரணம் வேண்டும்?

எட்டு இடங்களில் பாருங்கள்

சித்த வைத்தியர் நோயாளியை எட்டு விதமாகப் பார்க்க வேண்டும் என்பது கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடம். எண்வகைத் தேர்வு என்று பெயர். அதையே நீங்களும் வீட்டில் ஓரளவு செய்து பார்க்கலாம்.

நாடி: துடிப்பு வழக்கத்தைவிட மெதுவாக இருக்கிறதா?

தொடு உணர்வு: தோல் வறண்டு, சில்லென்று, சொரசொரப்பாக இருக்கிறதா?

நாக்கு: தடித்து, ஓரங்களில் பல் தடம் பதிகிறதா?

பேச்சு: குரல் கம்மி, கரகரத்துப் போயிருக்கிறதா?

கண்: காலையில் இமைகள் வீங்கியிருக்கின்றனவா?

மலம்: மூன்று நாளைக்கு ஒருமுறை, முக்கி முக்கிப் போகிறதா?

இவையெல்லாம் சோர்ந்த தைராய்டின் அடையாளங்களாக இருக்கலாம். பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகப் போக்கு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பித்தக்குழாய் அடைப்பைக் காட்டும் அடையாளங்கள்.

நிறம்: உடம்பு மஞ்சள் பூத்திருக்கிறதா? கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறதா?

சிறுநீர்: கட்டங்காப்பி நிறத்தில் போகிறதா? கூடவே மலம் களிமண் மாதிரி வெளுத்து, உடம்பெல்லாம் அரிக்கிறதா?

முதல் ஆறில் மூன்று நான்கு ஒத்துப்போனால், இந்த வாரத்திலேயே டி.எஸ்.ஹெச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் வாரம், நாள் என்று பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கீழாநெல்லி போதாத காமாலை

சில வருஷங்களுக்கு முன், ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மாவை அவருடைய மகள் அழைத்து வந்தாள். "அம்மாவுக்குக் காமாலை சார், கீழாநெல்லி குடுங்க, பத்தியம் நாங்க கரெக்டா இருந்துக்கறோம்" என்றாள். அந்த அம்மா ஓயாமல் கையைச் சொறிந்துகொண்டிருந்தார். "மலம் என்ன நிறம்மா?" என்று கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டே, "சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகுதுங்க" என்றார். முந்தின நாள் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்திருந்தது.

மருந்து எதுவும் கொடுக்காமல், நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பித்தக்குழாயில் கல் அடைத்து, சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாய் விட்டு, கல்லை எடுத்தார்கள். பிறகு செய்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். பல மடங்கு கூடியிருந்தது. அந்த அம்மாவுக்குப் பல வருஷமாக மலச்சிக்கலும் அசதியும் இருந்தும், யாரும் அதை ஒரு நோயாகவே நினைக்கவில்லை.

கீழாநெல்லி நல்ல மூலிகை. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குழாயில் கல் அடைத்து வருகிற காமாலைக்கு அடைப்பை எடுப்பதுதான் வைத்தியம். வயிற்று வலி, குளிர்க் காய்ச்சல், காமாலை மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து.

வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கலாமா?

பித்தப்பையில் கல் என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் சிறுநீரகக் கல்லுக்கு நாங்கள் கொடுப்பவை. கல்லடைப்பு என்று நூல்கள் சொல்வது சிறுநீர்ப் பாதைக் கல்லை. பித்தக்கல் வேறு பொருள், வேறு பாதை. சிறுநீர் நன்றாகப் பிரிவதால் பித்தப்பையில் இருக்கும் கல் வெளியே வராது. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்துக்கு நல்லது. கல்லைக் கரைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து குடித்து, "நாற்பது கல் வெளியே வந்துச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி வந்த பச்சை உருண்டைகளைச் சோதித்துப் பார்த்ததை 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. அவை பித்தக்கற்களே அல்ல; குடித்த எண்ணெய் குடலுக்குள் சோப்பு மாதிரி திரண்டவை. இந்த விளையாட்டில் நிஜக் கல் ஒன்று நகர்ந்து குழாயில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள்.

மஞ்சள் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளில் உள்ள குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். சமையலில் போடும் மஞ்சளால் தொந்தரவில்லை. பித்தப்பையில் கல்லை வைத்துக்கொண்டு, மஞ்சள் மாத்திரைகளை நீங்களாகவே வாங்கி விழுங்குவது வலியை விலைக்கு வாங்குகிற மாதிரி.

கல் தெரிந்தால் என்ன செய்வது?

ஐந்தில் நான்கு பேருக்குக் கல் சத்தமில்லாமல் கிடக்கும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். அப்படி வலி இல்லாத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை. கவனமாக இருந்தால் போதும். ஒருமுறை வலி வந்துவிட்டால், மறுபடி வர வாய்ப்பு அதிகம். அப்போது பித்தப்பையை எடுத்துவிடுவதே உறுதியான தீர்வு. சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் இந்த ஆபரேஷனை டாக்டர் டெஹெம்டன் உட்வாடியா 1990-ல் மும்பையில் நம் நாட்டில் முதலில் செய்தார். இன்று மாவட்டத் தலைநகரங்களில் எல்லாம் சாதாரணமாக நடக்கிறது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டீர்களா? அதற்கு முன் டி.எஸ்.ஹெச். பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மிகவும் குறைந்து, வைத்தியமும் செய்யாமல் இருக்கும்போது மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து கூடும். இதயமும் மூச்சும் மெதுவாகிவிடும்.

இரண்டு தவறான நம்பிக்கைகளையும் விட்டுவிடுங்கள். தைராய்டு மாத்திரை போட்டால் ஏற்கெனவே இருக்கும் கல் கரைந்துவிடாது. பித்தப்பையை எடுத்துவிட்டால் தைராய்டும் சரியாகிவிடாது. இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். தைராய்டைச் சரிசெய்தால் கொலஸ்ட்ரால் இறங்கும், பித்தநீர் ஓட்டம் சீராகும். நமக்குக் கிடைக்கும் லாபம் அதுதான்.

மாத்திரையும் பற்பமும்

தைராய்டு மாத்திரையும் சித்த மருந்தும் சேர்த்துச் சாப்பிடுகிற வாசகர்கள் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தைராக்ஸின் மாத்திரையை விடிகாலையில், வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபி, டிபன் எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் இந்த மாத்திரையைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கும். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லி டாக்டர் சொல்லியிருப்பார். ஆனால் சங்கு பற்பம், பவழ பற்பம், முத்துச்சிப்பி பற்பம் இவையெல்லாம் சுண்ணாம்புச் சத்துதான். அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் இரும்புச் சத்துதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. "சித்த மருந்துதானே, ஒண்ணும் பண்ணாது" என்று காலையில் இரண்டையும் சேர்த்துப் போட்டால், மாத்திரை வீணாகி, டி.எஸ்.ஹெச். குறையாமலே நிற்கும். இவற்றுக்கும் அதே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை இரண்டு பக்க டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாகவே அதை நிறுத்திவிடுங்கள். அது ரிசல்ட்டையே தப்பாகக் காட்டிவிடும். மாத்திரையின் அளவை மாற்றிய பிறகு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் கவனம்

எடை கூடிய ஆத்திரத்தில், "ஒரு மாசத்துல எட்டு கிலோ குறைக்கிறேன்" என்று பட்டினி கிடக்காதீர்கள். வேகமாக எடை குறைந்தால், கரையும் கொழுப்பு பித்தநீரில் சேரும். சாப்பிடாததால் பையும் சுருங்காது. கல் உண்டாக இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே போதும்.

வேளை தவறாமல் சாப்பிடுங்கள். முக்கியமாகக் காலை டிபனைத் தள்ளாதீர்கள். எண்ணெயை அடியோடு நிறுத்துவதும் தப்பு. கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் பை சுருங்கிக் காலியாகும். தாளிக்கிற அளவு போதும், பொரித்ததுதான் வேண்டாம். இட்லி, கீரை, அவரை, முருங்கை, பயறு, கொய்யா எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம்.

இந்துப்புதான் உடம்புக்கு நல்லது என்று வீட்டு உப்பை முழுக்க மாற்றிவிட்டவர்கள் கவனியுங்கள். இந்துப்பில் அயோடின் போதுமான அளவு கிடையாது. கழுத்துக் கழலையைத் தடுக்க 1962-லிருந்து நம் நாட்டில் அயோடின் உப்புத் திட்டம் நடக்கிறது. மருந்துக்கு இந்துப்பு, சமையலுக்கு அயோடின் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், அயோடின் நல்லது என்று கடல்பாசி மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டாம். அளவு மீறினாலும் தைராய்டு கெடும். முட்டைகோஸ், மரவள்ளிக்கிழங்கு போன்றவற்றை வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். தினமும் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம்.

மலச்சிக்கலுக்குத் திரிபலா சூரணம், மந்தத்துக்குச் சீரகத் தண்ணீர், வறண்ட தோலுக்கு வெதுவெதுப்பான நல்லெண்ணெய் என்று சித்த மருத்துவம் பக்கத் துணையாக நிற்கும். தைராக்ஸினுக்குப் பதிலாக நிற்காது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் யார் சொன்னாலும் அந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது.

வாசகர்கள் கேட்கும் சில கேள்விகள்

வலி வந்தால் அது பித்தக்கல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வயிற்றை ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். ஆனால் மேல் வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டி, மூச்சு முட்டினால், அது மாரடைப்பாகவும் இருக்கலாம். முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு டி.எஸ்.ஹெச். லேசாகத்தான் கூடியிருக்கிறது. மாத்திரை வேண்டுமா?
பத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக மாத்திரை தேவைப்படும். அதற்குக் கீழே என்றால் வயது, அறிகுறிகள், கொலஸ்ட்ரால், கர்ப்பம் எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். சில மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தால், தானாகவே இறங்கியிருப்பதும் உண்டு.

ஆண்களுக்கும் இது வருமா?
வரும். பெண்களைவிடக் குறைவு, அவ்வளவுதான். "தைராய்டெல்லாம் பொம்பளைங்க சமாசாரம்" என்று நினைப்பதால்தான் ஆண்களுக்கு இது தாமதமாகத் தெரிகிறது.

நம் வீடுகளில் அசதிக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. வாயுவுக்கும் போவதில்லை. அடுத்த முறை "கேஸ்" என்று உங்கள் வீட்டில் யாராவது வலது விலாவைப் பிடித்துக்கொண்டால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கல் இருந்தால் ஒரு டி.எஸ்.ஹெச். பாருங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த வலி வந்தால், அதை வாயு என்று தள்ளாதீர்கள். குடும்பத்துக்கே சமைத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிடும் அம்மாவைத்தான் முதலில் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் தானாகச் சொல்ல மாட்டார்.